பில் போடும் சிஸ்டத்தை விண்டோஸ் 11-க்கு எப்போது மாற்றுவது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுபோனது. மறுநாள் காலை சிஸ்டத்தைப் போட்டவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கணக்கு எழுதும் டாலி மென்பொருள் திறந்தது, பில் அடித்தது, மெயில் போனது. "நல்லாத்தானே ஓடுது, அதை எதுக்கு நோண்டணும்?" என்று கடை முதலாளி கேட்பது இதனால்தான். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அவசரமாக அப்டேட் போட்டுவிட்டு, பிரிண்டர் பேசாமல் போய், பில்லைக் கையால் எழுதும் நிலை எந்தக் கடைக்கும் வரலாம்.

மாறத்தான் வேண்டும். ஆனால் எல்லா சிஸ்டத்தையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. எதை முதலில் மாற்றுவது, எதைக் கடைசியில் மாற்றுவது, எதை மாற்றாமல் ஒதுக்கி வைப்பது என்பதை அந்தக் கம்ப்யூட்டரின் வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. அதில் மாட்டியிருக்கும் பிரிண்டரும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் எடை மேடையும், அது நெட்டில் யாரோடு பேசுகிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

அப்டேட் நின்றால் என்ன ஆகிறது? மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஓட்டைகளை அடைத்து அப்டேட் விடுகிறது. விண்டோஸ் 10-உம் 11-உம் பெருமளவு ஒரே நிரலில் எழுந்தவை. 11-இல் ஓர் ஓட்டையை அடைத்ததும், அடைப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள கோப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். அதே ஓட்டை 10-இல் அடைபடாமல் கிடக்கும். ஆக ஆபத்து அக்டோபர் 14 அன்று திடீரென்று வந்துவிடவில்லை. மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகிறது.

2017 மே 12 அன்று பரவிய வான்னாகிரை இதற்கு நல்ல பாடம். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் உட்பட உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வைரஸ் அது. அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்திருந்தது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 சிஸ்டங்கள். அன்றைக்கு விண்டோஸ் 7-க்கு ஆதரவு இருந்தது, அப்டேட்டைத்தான் போடவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு சிஸ்டத்துக்குள் வந்ததும், கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் அதே லோக்கல் நெட்வொர்க் வழியாக அது மற்றவற்றுக்குத் தாவியது. "ஒண்ணே ஒண்ணுதான் பழசு, மத்ததெல்லாம் புதுசு" என்ற சமாதானம் அந்த ஒன்றும் அதே நெட்வொர்க் சுவிட்ச்சில் மாட்டியிருக்கும்வரை செல்லாது.

பணம் கட்டி விண்டோஸ் 10-லேயே இருக்கவும் வழி உண்டு. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் நிறுவனங்களுக்கு முதல் வருடம் சிஸ்டத்துக்கு 61 டாலர், இரண்டாம் வருடம் 122, மூன்றாம் வருடம் 244. வருடா வருடம் இரட்டிப்பாகிறது. முதல் வருடம் வாங்காமல் இரண்டாம் வருடம் சேர்ந்தால் முதல் வருடத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். 2028 அக்டோபர் 10 வரை மூன்று வருடமும் கட்டினால் ஒரு சிஸ்டத்துக்கு 427 டாலர், ரூபாயில் 36,000-ஐத் தாண்டும். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல புது சிஸ்டமே வாங்கிவிடலாம். வீட்டுப் பயனருக்கான மலிவுத் திட்டம் தனியாக இருக்கிறது. அது 2026 அக்டோபர் 13 வரைக்கும் என்றுதான் அறிவிக்கப்பட்டது, நிறுவனம் மையமாக நிர்வகிக்கும் டொமைன் நெட்வொர்க்கில் சேர்ந்த சிஸ்டங்களுக்கு அது கிடையாது. இரண்டுக்குமே விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 சிஸ்டத்தில் இருக்க வேண்டும். முதல் வருடத்துக்கு மட்டும், அதுவும் மாற்ற முடியாமல் சிக்கியிருக்கும் ஒன்றிரண்டு சிஸ்டங்களுக்கு மட்டும் வாங்குவது நியாயமான செலவு. இரண்டாம் வருடத்துக்குக் கட்டும் நிலை வந்தால், ஒத்திப்போட்டுக்கொண்டே போகிறோம் என்று அர்த்தம்.

அடுத்து ஹார்டுவேர். இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். புரோசசர் பெயரில் கோடுக்குப் பின்னால் உள்ள எண்ணைப் பாருங்கள். ஐ5-7400 என்றால் 7-ஆம் தலைமுறை, ஆகாது. ஐ3-8100 என்றால் 8, ஆகும். ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு இலக்கம்தான் தலைமுறை. ஐ3 பெரிதா ஐ5 பெரிதா என்பது இங்கே கணக்கில்லை. ஏஎம்டி ரைசன் 2000 வரிசையில் சில மாடல் சேரும், சில மாடல் சேராது. மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டி அது சொல்லும் பதிலையே எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம் என்று அறிவிப்பில் இருக்கும். அதை நம்பி இறங்கினால் டாலியும் நான்கு குரோம் டேபும் திறந்ததும் சிஸ்டம் திணறும். 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இல்லாத சிஸ்டத்தில் முதலில் அவற்றைப் போட்டுவிட்டுப் பிறகு ஓஎஸ் பக்கம் வாருங்கள்.

செயலி "ஆகாது" என்று சொன்னவுடன் சிஸ்டத்தைக் கழித்துக்கட்டிவிட வேண்டாம். 8, 9-ஆம் தலைமுறை அசெம்பிள்டு சிஸ்டங்கள் பலவற்றில் விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0 புரோசசருக்குள்ளேயே இருக்கும், சிஸ்டம் எழும்போது முதலில் ஓடும் பயாஸில் அதை ஆஃப் செய்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம். ஆன் செய்துவிட்டு மறுபடி சோதித்தால் பதில் மாறிவிடும்.

இன்னொரு இடறல் சிஸ்டம் எழும் பூட் முறையில் வரும். விண்டோஸ் 11-க்கு யுஇஎஃப்ஐ என்ற புது முறை வேண்டும். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையில் பயாஸ் மோட் என்ற வரி "லெகசி" என்று காட்டினால், ஹார்ட் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருக்கிறது. விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவி டேட்டாவை அழிக்காமல் அதை ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றித் தரும். டிஸ்க்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தால் மட்டும் மறுத்துவிடும். முதலில் டிஸ்க்கை மாற்ற வேண்டும், பிறகுதான் பயாஸில் யுஇஎஃப்ஐ-க்குப் போக வேண்டும். வரிசையைத் தலைகீழாகச் செய்தவர்கள் கறுப்புத் திரையைப் பார்த்ததும் டேட்டா போய்விட்டது என்று பயந்து ஃபார்மேட் அடிக்கிறார்கள். எதுவும் போகவில்லை. பயாஸைப் பழையபடி லெகசிக்கு மாற்றினால் சிஸ்டம் எழுந்துவிடும்.

தகுதி இல்லாத சிஸ்டத்திலும் சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தரும் சர்வீஸ் ஆட்கள் நிறையப் பேர். வீட்டு சிஸ்டத்தில் செய்துபார்க்கலாம். வியாபாரம் ஓடும் சிஸ்டத்தில் வேண்டாம். அந்தச் சிஸ்டங்களுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வருடாந்தரப் புதுப் பதிப்பு தானாக வந்து சேராது, ஒவ்வொரு முறையும் ஆளைக் கூப்பிட்டுக் கையால் போட வேண்டியிருக்கும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது கோர் 2 டூவோ காலத்துப் பழைய புரோசசர்கள் பல அடியோடு பூட் ஆகவே மறுத்தன, அந்தப் பதிப்புக்குத் தேவையான ஒரு கட்டளைத் தொகுதி அவற்றில் இல்லாததால். திருட்டு ஆக்டிவேட்டர் போட்ட விண்டோஸ் 10-ஐ அப்படியே மேலேற்றுவதும் இதே ரகம். ஆக்டிவேட்டரோடு வந்த வைரஸும் கூடவே புது வீட்டுக்குக் குடிவரும். அங்கே ஒரிஜினல் லைசென்ஸ் வாங்கிச் சுத்தமாகப் போடுவதுதான் ஒரே வழி. ஒரிஜினல் விண்டோஸ் 10 இருந்தால் 11-க்குத் தனிப் பணம் கிடையாது. ஹோம் ஹோமாகவும், புரோ புரோவாகவும் மாறும்.

இனி மாட்டியிருப்பவை. பிரச்சினைகளில் முக்கால்வாசி இங்கேதான் வெடிக்கும், ஆகவே இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

அரிசி ஆலை, கல் குவாரி, பஞ்சு குடோன் எதுவானாலும் எடை மேடையின் இண்டிகேட்டரிலிருந்து ஒரு சீரியல் கேபிள் வரும். கம்ப்யூட்டரில் சீரியல் போர்ட் இல்லாததால் யுஎஸ்பி கன்வர்ட்டர் ஒன்று நடுவில் தொங்கும். அதற்குள் இருப்பது பெரும்பாலும் புரோலிஃபிக் பிஎல்2303 சிப், அல்லது அதன் போலி. விண்டோஸ் 11 போட்டதும் எடை திரையில் ஏறாது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், சாதனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "2012 முதல் கைவிடப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்ற பொருளில் ஓர் ஆங்கில வரியும் பக்கத்தில் மஞ்சள் முக்கோணமும் நிற்கும். மேடையும் பழுதில்லை, கேபிளும் பழுதில்லை. பழைய சிப்பைப் புது டிரைவர் ஏற்கவில்லை, அவ்வளவுதான். எஃப்டிடிஐ சிப் உள்ள கன்வர்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டி, பழைய கன்வர்ட்டருக்கு விண்டோஸ் கொடுத்திருந்த காம் போர்ட் எண்ணையே இதற்கும் கொடுத்தால் வேலை முடிந்தது. இது தெரியாமல் லாரிகளை வரிசையில் நிறுத்திக்கொண்டு இண்டிகேட்டர் கம்பெனிக்குப் போன் போட்டால் அரை நாள் போய்விடும். கன்வர்ட்டரை முன்கூட்டியே வாங்கி மேசையில் வைத்துவிட்டு மாற்றத்தைத் தொடங்குங்கள்.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ மென்பொருளில் எழுதிய அடகுக் கடைக் கணக்கும் மொத்த வியாபாரக் கணக்கும் இன்னும் ஓடுகின்றன. அவை 16 பிட் நிரல்கள். 32 பிட் விண்டோஸ் 10 அவற்றைத் தாங்கியது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது, 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரலைத் தொடாது. டாஸ் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ், விடாஸ்பிளஸ் போன்ற மென்பொருள்களுக்குள் வைத்து ஓட்டலாம். திறக்கிறதே என்பதோடு திருப்திப்பட்டுவிடக் கூடாது. இரண்டு சிஸ்டத்திலிருந்து ஒரே நேரத்தில் ஒரே கணக்கைத் திறந்து பதிவு போட்டுப் பாருங்கள், டாட் மேட்ரிக்ஸில் ஒரு ரசீது அடித்துப் பாருங்கள். கோப்பைப் பூட்டும் முறையும் எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் போர்ட் வழியான பிரிண்டிங்கும்தான் இங்கே காலை வாரும். அப்படி வாரினால் அந்தச் சிஸ்டத்தை அப்படியே விட்டு ஒதுக்கி வைப்பதே சரி. எப்படி ஒதுக்குவது என்பது கீழே வருகிறது.

அச்சகங்களுக்கும் பத்திரம் எழுதும் இடங்களுக்கும் தமிழ் எழுத்துரு தனிக் கவலை. வானவில், பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்கள் விண்டோஸ் 11-லும் வேலை செய்யும். ஆனால் எழுத்துருவை ரைட் கிளிக் செய்து வெறுமனே இன்ஸ்டால் கொடுத்தால் அது அந்தப் பயனருக்கு மட்டும் போய் உட்காரும். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருள்கள் அந்த இடத்தை எட்டிப் பார்க்காமல் போகலாம், பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். "எல்லாப் பயனருக்கும்" என்ற இன்ஸ்டாலைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். எழுத்துரு மட்டும் போதாது, கீபோர்டு டிரைவரின் இன்ஸ்டால் கோப்பும் லைசென்ஸ் எண்ணும் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய மென்பொருள்களில் சில 32 பிட்டாக இருந்தாலும் அவற்றை நிறுவும் நிரல் 16 பிட்டாக இருக்கும். அப்போது அந்த நிறுவும் நிரல் விண்டோஸ் 11-இல் ஓடாது. யூனிகோடில் புதிதாக அடிக்கத் தொடங்குபவர்களுக்குத் தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது.

டாலியில் கவனிக்க வேண்டியது லைசென்ஸ். ஃபார்மேட் அடிப்பதானால், புது சிஸ்டத்துக்குப் போவதானால், முதலில் லைசென்ஸை சரண்டர் செய்து, அதாவது பழைய சிஸ்டத்திலிருந்து விடுவித்துவிட்டுத் தொடங்குங்கள். மறந்தால் புது இடத்தில் ஆக்டிவேட் ஆகாமல் நிற்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு இரண்டு அடுக்கு உண்டு: டோக்கனின் சொந்த டிரைவர் ஒன்று, ஜிஎஸ்டி தளத்தில் கையெழுத்துப் போட உதவும் எம்சைனர் மென்பொருள் இன்னொன்று. டோக்கன் விளக்கு எரிகிறதே என்று நினைத்து விட்டுவிடாமல், தளத்துக்குள் போய்க் கையெழுத்துப் பெட்டி திறக்கும் வரை சோதியுங்கள். சிசிடிவி பெட்டியின் பக்கம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில்தான் திறக்கும் என்றால், விண்டோஸ் 11-இல் அந்த உலாவி இல்லை. எட்ஜ் உலாவியில், பக்கத்தை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் போலவே திறக்கும் ஐஇ மோடை இயக்கிப் பார்க்கலாம். கையால் சேர்க்கும் முகவரி 30 நாளில் காலாவதியாகும், மறுபடி சேர்க்க வேண்டும். ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே அக்டோபர் 14-இல் ஆதரவு முடிந்துவிட்டது. ஓஎஸ்ஸை மட்டும் மாற்றிவிட்டு எக்செல்லைப் பழசாகவே விட்டால் கதவு ஒன்று திறந்தே கிடக்கும்.

நெட்வொர்க்கில் 24எச்2 பதிப்பு கொண்டுவந்த மாற்றம் பலரைத் திண்டாட வைத்தது. புரோ பதிப்பில், கோப்புகளைப் பகிரும்போது இரு பக்கமும் ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பமிட வேண்டும் என்பது கட்டாயமாகிவிட்டது. பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தினராக நுழைவதும் நிறுத்தப்பட்டது. இதனால் நெட்வொர்க்கில் மாட்டிக் கோப்பு சேமிக்கும் பழைய நாஸ் பெட்டிகள் திறக்காது. ஜெராக்ஸ் மிஷினில் ஸ்கேன் செய்தால் கம்ப்யூட்டர் ஃபோல்டரில் வந்து விழுந்துகொண்டிருந்த பிடிஎஃப் வராது, மிஷின் திரையில் தொடர்புப் பிழை என்று மட்டும் காட்டும். முதலில் மிஷினின் உள் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள், அடுத்து ஸ்கேனுக்கென்றே பாஸ்வேர்டுடன் ஒரு பயனர் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். அதுவும் நடக்காவிட்டால் மெயிலுக்கோ பென்டிரைவுக்கோ ஸ்கேனைத் திருப்புங்கள். கையொப்பக் கட்டாயத்தை எல்லா சிஸ்டத்திலும் அணைத்து வைப்பது நல்ல தீர்வல்ல. வான்னாகிரை ஓடி வந்தது இதே கோப்புப் பகிர்வின் தடத்தில்தான்.

இன்னொன்று, இதில் ஏமாந்தால் டேட்டாவே போகும். 24எச்2-ஐச் சுத்தமாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், வசதியுள்ள சிஸ்டங்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். மீட்புச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். சர்வீஸ் ஆள் அவசரத்துக்குத் தன் மெயில் ஐடியையோ, புதிதாக ஒன்றையோ போட்டுச் சிஸ்டத்தை எழுப்பிவிட்டுப் போயிருந்தால், சாவி அவரிடம். ஆறு மாதம் கழித்து மதர்போர்டு போய், டிஸ்க்கைக் கழற்றி வேறு சிஸ்டத்தில் மாட்டும்போது 48 இலக்கச் சாவி கேட்கும். கடையின் பெயரில் ஒரே ஒரு கணக்கு வைத்து, சாவியைத் தாளில் அச்சிட்டுப் பீரோவில் வையுங்கள். என்கிரிப்ஷன் நல்லதுதான், லேப்டாப் திருட்டுப் போனாலும் உள்ளே இருக்கும் கணக்கைத் திருடியவர் படிக்க முடியாது. சாவி யார் கையில் என்பதைத்தான் உறுதி செய்ய வேண்டும்.

மாற்றும் நாளைத் தேர்ந்தெடுக்க காலண்டரை எடுங்கள். வரி வேலைகளுக்கான கடைசி நாட்கள் இவை: 7-ஆம் தேதி டிடிஎஸ், 11 ஜிஎஸ்டிஆர்-1, 20 ஜிஎஸ்டிஆர்-3பி, காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் தமிழ்நாட்டுக் கடைகளுக்கு 22. ஆக 23-லிருந்து மாதக் கடைசி நெருக்கடி தொடங்கும் முன்பான சில நாள்தான் பாதுகாப்பான இடைவெளி. மார்ச், ஏப்ரல் பக்கமே போக வேண்டாம்.

பேக்கப் எடுத்ததும் அது திறக்கிறதா என்று பார்க்காதவர்கள்தான் அதிகம். டாலி டேட்டா ஃபோல்டரை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்து, வேறொரு சிஸ்டத்தில் அதைத் திறந்து, நேற்றைய தேதிக்கு டிரயல் பேலன்ஸ் போட்டு, இரண்டு சிஸ்டத்திலும் கூட்டுத்தொகை ஒரே எண்ணாக நிற்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் கிடக்கும் கோப்புகளை மறந்துவிடாதீர்கள், பாதிக் கணக்கு அங்கேதான் இருக்கும்.

முதல் சிஸ்டமாக முதலாளியுடையதையும் பில் கவுன்ட்டரையும் எடுக்காதீர்கள். இரண்டு நாள் நின்றாலும் பக்கத்து சீட்டில் வைத்துச் சமாளிக்கக்கூடிய ஒன்றை எடுங்கள். பழைய விண்டோஸ் மேலேயே ஏற்றினால் மென்பொருள்கள் அப்படியே இருக்கும், பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் செட்டிங்ஸில் ரிகவரி வழியாகத் திரும்பலாம். மாத முடிவைக் கடக்காமல் குறைகள் தெரிவதில்லை என்பதால் 10 நாள் போதாது. விண்டோஸில் இருக்கும் டிஐஎஸ்எம் என்ற கட்டளையால் இந்த அவகாசத்தை 60 நாள் வரை நீட்டலாம், அதையும் அந்த 10 நாளுக்குள் செய்துவிட வேண்டும். இடம் போதவில்லை என்று யாராவது டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸை அழித்துவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். அந்த ஒரு சிஸ்டம் ஒரு ஜிஎஸ்டி சுற்றை முழுதாக முடித்த பிறகு அடுத்தவற்றைத் தொடுங்கள். அப்போது வரிசை இதுவாக இருக்கட்டும்: பேங்க் வேலையும் மெயிலும் நடக்கும் சிஸ்டங்கள் முதலில், பில் கவுன்ட்டர் அதற்குப் பின், கருவிகள் மாட்டியவை கடைசியில்.

மாற்றவே முடியாத சிஸ்டத்தை ஒதுக்குவது என்றால் நெட் கேபிளைப் பிடுங்குவதோடு முடிவதில்லை. மற்ற சிஸ்டங்களோடு அது ஒரே நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது. மெயிலும் உலாவியும் அதில் இருக்கக் கூடாது. கோப்பு கொண்டுபோக ஒரே ஒரு பென்டிரைவ், அதை ஒவ்வொரு முறையும் புது சிஸ்டத்தில் ஸ்கேன் செய்த பிறகே மாட்ட வேண்டும். தொழிற்சாலைக் கருவிகளோடு சேர்ந்து வரும் விண்டோஸ் 10 ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி 13 வரை ஆதரவு இருக்கிறது. சிஎன்சி போன்ற கருவி வைத்திருப்பவர்கள் கருவி விற்றவரிடம் அதைக் கேட்டுப் பார்க்கலாம். அலுவலக மேசைக்கு அது பொருந்தாது.

தகுதியில்லாத பழைய சிஸ்டத்தில் உலாவி வேலை மட்டும் நடக்கிறது என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ்ஸைப் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். மொத்த அலுவலகத்தையும் லினக்ஸுக்குக் கொண்டுபோவது வேறு அளவிலான காரியம். ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-இல் முடிவெடுத்துச் சுமார் 15,000 சிஸ்டங்களை லினக்ஸுக்கு மாற்றியது, 2017-இல் மறுபடி விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. டாலியும் டோக்கனும் விண்டோஸைக் கேட்கும் வரை ஒரு சிறு கடை அந்தப் பாதையில் பாதி தூரம்கூடப் போக முடியாது.

விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகும் பதிப்பு எண்ணைக் கவனிக்க வேண்டும். ஹோம், புரோ ஒவ்வொரு பதிப்புக்கும் 24 மாத ஆதரவுதான். 23எச்2-க்கு 2025 நவம்பர் 11-இல் முடிந்தது. 24எச்2-க்கு 2026 அக்டோபர் 13, 25எச்2-க்கு 2027 அக்டோபர் 12. ரன் பெட்டியில் வின்வெர் என்று அடித்தால் உங்கள் சிஸ்டத்தில் எது இருக்கிறது என்று காட்டும். சிஸ்டம் பட்டியல் எழுதும் நோட்டில் அந்த எண்ணுக்கும் ஒரு கட்டம் போட்டு வையுங்கள்.